ஓரச் சட்டத்தில் நின்றவர்களும் சேற்றுவழியில் நடந்தவர்களும்



நாம் இன்று நினைவுகூரும் மூத்த தோழர் விட்டுச்சென்ற தகரப்பெட்டியில் பெரிதாக ஒன்றும் இல்லை. மனுக்களின் நகல்கள் ஒரு கட்டு. சில கூட்டத் துண்டறிக்கைகள். அவற்றோடு கிராமப் புலப்படத்தின் நகல் ஒன்று. மடிப்புகளில் கிழிந்து, பின்பக்கம் செய்தித்தாள் ஒட்டிக் காப்பாற்றப்பட்ட தாள் அது. அதில் அவர் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டிருந்தார். சேரியிலிருந்து இடுகாட்டுக்குப் போகும் பாதை. நம் தாத்தா பாட்டிகளின் பாடைகளெல்லாம் போன வழி. ஆனால் அச்சிட்ட படத்தில் அந்த வழி கிடையாது. வாய்க்கால் உண்டு, ஏரிக்கரை உண்டு, கோயில் உண்டு, வண்டிப்பாதை உண்டு. பிணத்தைத் தோளில் சுமந்து வரப்பில் தடுமாறி நடக்கிற நம் பாதை மட்டும் இல்லை. மனுவோடு போனபோதெல்லாம் அவருக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: "படத்தில் பாதை இல்லையே."

அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தபோதுதான் இந்த உரைக்கான பொருள் எங்களுக்குக் கிடைத்தது. படத்தில் இல்லாதது பூமியிலும் இல்லை என்று சொல்லும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? அதைப் பேச நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு படத்தை உங்கள் முன் விரிக்கிறோம். ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்ட ஆசியாவின் நிலப்படம் அது. இன்று ஏலக்கூடங்களில் பெருந்தொகைக்குப் போகிறது, கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டப்படுகிறது. அழகானது. அந்த அழகுக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை, இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பதே இன்றைய வேலை.

1. புதிதாக வரையப்பட்ட ஆசியா

படத்தின் இலத்தீன் தலைப்புக்குப் பொருள் 'புதிதாக வரையப்பட்ட ஆசியா'. வரைந்தவர் வில்லெம் பிளாவ். 1571இல் பிறந்தவர். டைக்கோ பிராகே என்ற வானியலாளரிடம் பயின்று, ஆம்ஸ்டர்டாமில் உலக உருண்டைகளும் நிலப்படங்களும் செய்து விற்றவர். 1617 வாக்கில் இந்தப் படம் தனித்தாளாக வந்தது. 1630 முதல் அவருடைய நிலப்படத் தொகுப்புகளில் இடம்பெற்று, அவர் 1638இல் இறந்த பின்னும் மகன் யோவான் பிளாவின் பெருந்தொகுப்புகளில் தொடர்ந்து அச்சானது. 1662இல் இலத்தீனில் பதினொரு தொகுதிகளாக வெளிவந்த அவர்களுடைய பெரிய நிலப்படத் தொகுப்பு, அந்த நூற்றாண்டில் விலைக்குக் கிடைத்த புத்தகங்களிலேயே மிக விலை உயர்ந்ததென்று கருதப்படுகிறது. கப்பலோட்டிகள் வாங்கிய புத்தகம் அல்ல அது. வணிகர், நகரசபையினர், பிரபுக்கள் வாங்கினார்கள். வெர்மீரின் ஓவியங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அக்கால டச்சு வீடுகளில் நிலப்படம் சுவரில் தொங்கும் அலங்காரப் பொருள்.

படத்தின் அமைப்பைக் கவனியுங்கள். நடுவில் கண்டம். கடலில் கப்பல்களும் கடல் விலங்குகளும். மேல் ஓரத்தில் வரிசையாக ஒன்பது நகரங்களின் சிறு காட்சிகள்: கண்டி, கள்ளிக்கோட்டை, கோவா, டமாஸ்கஸ், ஜெருசலேம், ஹோர்முஸ், பாண்டம், ஏடன், மக்காவ். இடது வலது ஓரங்களில் கட்டம் கட்டமாக மனிதர்கள். அரபியர், ஆர்மீனியர், பாரசீகர், தக்காணத்து மலைக்கணவாய்க்கு அப்பாலுள்ள இந்தியர், ஜாவாக்காரர், மொலுக்காவையும் பண்டாவையும் சேர்ந்த தீவுவாசிகள், சீனர், தார்த்தாரியர் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மக்கள், ஒவ்வொரு மக்களுக்கும் ஒரு உடை. துணிக்கடைப் பொம்மைகளைப் போல நிமிர்ந்து நிற்கிறார்கள். யாரும் வேலை செய்வதில்லை. யாருடைய கையிலும் மண் இல்லை.

நடுவில் நிலம், ஓரத்தில் மனிதர். நிலத்தைத் தனியாகவும் மனிதர்களைத் தனியாகவும் பிரித்து வைக்கும் இந்த ஏற்பாடு நமக்குப் பழக்கமானது. ஊர் நடுவில், சேரி ஓரத்தில் என்று பிரித்து வாழ்ந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம். ஓரத்தைப் பார்த்தவுடன் யார் அங்கே தள்ளப்பட்டார்கள் என்று கேட்பது நமக்கு இயல்பாக வரும் கேள்வி.

2. படம் பிறந்த வழி

வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் 1498 மே 20ஆம் நாள் கள்ளிக்கோட்டைக் கரையை வந்தடைந்தன. பள்ளிப் பாடங்களில் இதை இந்தியாவுக்கு வழி 'கண்டுபிடிக்கப்பட்ட' நாள் என்று படித்தோம். கிழக்கு ஆப்பிரிக்காவின் மலிந்தித் துறையில் ஏற்றிக்கொண்ட வழிகாட்டி ஒருவர்தான் அவர்களைக் கடல் கடத்திக் கொண்டுவந்து சேர்த்தார். அரபியரும் குஜராத்தியரும் மலையாளக் கரையினரும் நூற்றாண்டுகளாகப் போய்வந்த கடல் அது. புதியவர்கள் வந்த வழி பழைய வழிதான்.

வந்தவர்கள் செய்த முதல் வேலை, தெரிந்துகொண்டதைப் பூட்டிவைப்பது. லிஸ்பனில் அரசு காத்துவைத்த மூலப்படத்தில் ஒவ்வொரு பயணத்தின் தகவலும் சேர்க்கப்பட்டது. வெளியாருக்குக் காட்டத் தடை. ஆனாலும் 1502இல் ஃபெராரா நாட்டுப் பிரபுவின் ஆளான அல்பெர்த்தோ காந்தினோ, பன்னிரண்டு பொற்காசு கொடுத்து ஒரு நகலை இத்தாலிக்குக் கடத்தினார். இன்றும் மொதேனா நூலகத்தில் இருக்கும் அந்தப் படத்துக்கு, வரைந்தவரின் பெயர் தெரியாததால், கடத்தியவரின் பெயரே நிலைத்துவிட்டது. உழைத்தவரின் பெயர் போய், எடுத்துச் சென்றவரின் பெயர் நிற்பது நமக்குப் புதிதல்ல.

டச்சுக்காரர்களுக்கு வழி திறந்தவர் யான் ஹுயூகன் வான் லின்ஸ்கோட்டன். 1583 முதல் கோவாவில் போர்த்துகீசியப் பேராயரின் செயலாளராக ஐந்தாண்டு இருந்த டச்சு இளைஞர். பார்த்ததையும் கேட்டதையும், போர்த்துகீசிய மாலுமிகளின் வழிக்குறிப்புகளையும் திரட்டிக்கொண்டு ஊர் திரும்பி 1596இல் பயண நூலாக வெளியிட்டார். கோவாவின் வீதியில் மனிதர்கள் மாடுகளைப் போல ஏலம் போனதையும் அவர் எழுதியிருக்கிறார். 1595இலேயே நான்கு டச்சுக் கப்பல்கள் ஜாவாவின் பாண்டத்துக்குக் கிளம்பிவிட்டன. புறப்பட்ட மாலுமிகளில் பெரும்பாலோர் திரும்பவில்லை. அவர்களும் ஏழைகள்தான். ஆனால் வழி உறுதியாயிற்று. 1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது. 1633இல் வில்லெம் பிளாவ் அந்தக் கம்பெனியின் அதிகாரபூர்வ வரைபடக்காரரானார். சுவருக்கு அலங்காரப் படம் விற்ற அதே கை கம்பெனியின் கப்பல்களுக்கு வழிப்படங்களையும் மேற்பார்த்தது. அலங்காரத்தையும் ஆதிக்கத்தையும் இரண்டு கடைகளில் விற்கவில்லை.

3. கள்ளிக்கோட்டைக் காட்சியில் இல்லாதவர்கள்

மேல் ஓரத்துக் காட்சிகளில் கள்ளிக்கோட்டையைப் பார்ப்போம். 1572இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் பிரவுனும் ஹோகன்பெர்கும் வெளியிட்ட நகரக் காட்சித் தொகுப்பின் முதல் தொகுதியிலேயே இந்நகரம் இடம்பிடித்துவிட்டது. கடலில் கப்பல்கள், கரையில் கப்பல் கட்டும் வேலை, யானை, பனையும் தென்னையுமான மரங்கள். ஐரோப்பியர் மனத்தில் கள்ளிக்கோட்டை என்றால் இதுதான். மிளகின் நகரம்.

அந்த மிளகைக் கொடியிலிருந்து பறித்தவர் யார்? இந்தக் கேள்விக்கான பதில் ஐரோப்பியரின் கையில் முன்பே இருந்தது. இத்தாலியப் பயணி லுதோவிகோ தி வர்த்தேமாவின் நூல் 1510இல் ரோமாபுரியில் அச்சானது. அடுத்த சில ஆண்டுகளில் இலத்தீனிலும் ஜெர்மனிலும் வந்து நாடெங்கும் பரவியது. கள்ளிக்கோட்டை மக்களை அவர் ஆறு வகுப்பாகப் பிரித்துச் சொல்கிறார். பிராமணர், நாயர், கைவினைஞர், மீனவர் ஆகியோருக்குப் பின் ஐந்தாவதாகப் புலையர் வருகிறார்கள். மிளகும் கள்ளும் தேங்காயும் சேகரிப்பவர்கள் அவர்கள் என்று எழுதுகிறார். ஆறாவதாக வருபவர்கள் நெல் நட்டு அறுப்பவர்கள். இந்த இரு வகுப்பாரும் அழைக்கப்பட்டாலொழிய நாயருக்கோ பிராமணருக்கோ ஐம்பது எட்டுத் தொலைவுக்குள் வரக்கூடாது. அவர்கள் சதுப்பு நிலத்தின் ஊடே தனி வழிகளில்தான் நடக்க வேண்டும். நடக்கும்போது எதிரே வருபவர் அறிந்துகொள்ளும்படி உரக்கக் கூவிக்கொண்டே போகவேண்டும். கூவாமல் போய் ஒரு நாயரின் கண்ணில் பட்டால் அவர் கொல்லலாம், கேள்வி இல்லை.

சிறிது காலத்தில், 1516 வாக்கில், துவார்த்தே பார்போசா என்ற போர்த்துகீசியர் எழுதினார். கண்ணூரில் எழுத்தராக வேலை பார்த்து மலையாளம் பேசக் கற்றவர். எருமை பூட்டி வயல் உழும் புலையரைப் பற்றியும், அவர்கள் தொலைவில் நின்று கத்தித்தான் பேச வேண்டும் என்பதைப் பற்றியும், வழியில் கூவி விலக வேண்டும் என்பதைப் பற்றியும் அவரும் சொல்கிறார். வர்த்தேமா கதை அளப்பவர் என்று சந்தேகிக்கும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. ஆனால் மலபாரின் இந்த வழக்கத்தில் இரு வேறு சாட்சிகள் ஒன்றுபடுகின்றன.

ஐரோப்பியர் வருவதற்கு முந்தைய சாட்சி வேண்டுமா? சீனத் தளபதி செங் ஹோவின் கப்பல்களில் மொழிபெயர்ப்பாளராக வந்த மா ஹுவான் இருக்கிறார். கொச்சியின் மக்களைப் பற்றிச் சொல்லும்போது, எல்லோருக்கும் கீழே வைக்கப்பட்ட ஒரு கூட்டத்தை அவர் குறிப்பிடுகிறார். மீன்பிடித்தும் சுமை தூக்கியும் பிழைப்பவர்கள். அவர்கள் வீடு மூன்றடி உயரத்தைத் தாண்டக்கூடாது. உடுப்பு இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் இறங்கக்கூடாது. மேலோரைச் சாலையில் கண்டால் தரையில் விழுந்து கிடந்து, அவர் போனபின் எழ வேண்டும். மா ஹுவானின் பயணங்கள் 1413க்கும் 1433க்கும் இடைப்பட்டவை. வாஸ்கோ ட காமா வருவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் முந்தியவை.

இதை மாணவ நண்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தீண்டாமையே வெள்ளையர் உண்டாக்கியது, அதற்கு முன் எல்லோரும் இணக்கமாக வாழ்ந்தார்கள் என்ற வாதம் இன்று பல்கலைக்கழகக் கருத்தரங்குகளிலும் கேட்கிறது, மேடைகளிலும் கேட்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் சாதிப் பட்டியலும் ஆங்கிலேய ஆட்சியில் சாதியின் சில வடிவங்களை மாற்றின, சிலவற்றை இறுக்கின. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மூன்றடி வீட்டை எந்தக் கலெக்டரும் கட்டச் சொல்லவில்லை. ஐம்பது எட்டுத் தொலைவை எந்தக் கணக்கெடுப்பு அதிகாரியும் அளந்து கொடுக்கவில்லை. அவை இந்த மண்ணில் இருந்தன. சீனரும் இத்தாலியரும் போர்த்துகீசியரும் தற்செயலாக எழுதிவைத்தார்கள்.

அதே நேரத்தில், எழுதிவைத்தவர்களை நம் மீட்பர்களாக்கும் அவசரமும் நமக்கு வேண்டாம். வர்த்தேமா பிறகு போர்த்துகீசியப் படையில் சேர்ந்து சண்டை போட்டு வீரப்பட்டம் பெற்றவர். போர்த்துகீசியர் மிளகு வாங்கியது வணிகரிடம்; பறித்தவரிடம் அல்ல. புலையரின் சேற்றுவழியைப் பற்றிப் படித்த ஐரோப்பா அதை ஒரு விந்தையாகப் படித்தது. மிளகு விலையில் அதனால் ஒரு காசு கூடவில்லை, குறையவில்லை.

இப்போது பிளாவின் படத்துக்குத் திரும்புவோம். நிலப்படங்களுக்கு அளவுகோல் உண்டு. எத்தனை மைலுக்கு எத்தனை அங்குலம் என்று அது சொல்லும். மலபார்க் கரையில் வேறொரு அளவுகோல் நடைமுறையில் இருந்தது. அது மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே உள்ள தூரத்தை எட்டுக் கணக்கில் அளந்தது. அந்த அளவுகோலை எந்த நிலப்படக்காரரும் வரையவில்லை. அக்கால ஆசிய நிலப்படங்கள் பலவற்றில் வங்காளத்துக்கு வடகிழக்கே சியாமய் என்ற பெரிய ஏரி ஒன்று இருக்கும். நான்கு ஐந்து ஆறுகள் அதிலிருந்து கிளம்பி ஓடும். அப்படி ஓர் ஏரி பூமியில் இல்லை. ஒருவர் வரைந்ததை அடுத்தவர் பார்த்து வரைந்து அது நூறாண்டுக்கு மேல் நிலைத்தது. இல்லாத ஏரிக்குப் படத்தில் இடம் கிடைத்தது. அச்சில் வந்த நூலே சொன்ன சதுப்பு வழிக்கு இடம் கிடைக்கவில்லை.

4. ஓரத்தில் நின்ற பண்டா மக்கள்

புலையர் படத்துக்குள் வரவில்லை. ஆனால் படத்துக்குள் வந்துவிட்டால் பாதுகாப்பா? வலது ஓரத்தில், மொலுக்கா மக்களோடு சேர்த்து ஒரே கட்டத்தில் நிறுத்தப்பட்ட பண்டா தீவினரைப் பாருங்கள்.

பண்டா இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கே உள்ள சின்னஞ்சிறு தீவுக்கூட்டம். கடலில் விரலால் தொட்ட புள்ளிகள். ஆனால் அக்காலத்தில் ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் உலகுக்கே அந்தத் தீவுகளிலிருந்துதான் போயின. பண்டா மக்களுக்கு அரசன் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். ஜாவா, அரபு, சீன வணிகர் எல்லோருக்கும் விற்றார்கள். எங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும், நாங்கள் சொல்லும் விலைக்கே விற்க வேண்டும் என்றது டச்சுக் கம்பெனி. அவர்கள் அதற்குக் கட்டுப்படவில்லை.

1621இல் கம்பெனியின் ஆளுநர் யான் பீட்டர்சோன் கூன் பெரும்படையோடு வந்தார். லொந்தோர் தீவு பிடிக்கப்பட்டது. ஊர்ப் பெரியவர்கள் நாற்பத்து நான்கு பேரை மூங்கில் பட்டிக்குள் அடைத்து, கூலிக்கு அமர்த்திய ஜப்பானிய வாள்வீரர்களைக் கொண்டு வெட்டிக் கொன்றார்கள். மலைக்கு ஓடியவர்கள் பட்டினியில் செத்தார்கள். சிலர் பாறையிலிருந்து கடலில் குதித்தார்கள். சிலர் படகேறிப் பக்கத்துத் தீவுகளுக்குத் தப்பினார்கள். நூற்றுக்கணக்கானோர் அடிமைகளாகப் படேவியாவுக்கு ஏற்றப்பட்டனர். பதினையாயிரம் பேர் வரை வாழ்ந்ததாக மதிப்பிடப்படும் தீவுகளில் எஞ்சியவர்கள் ஆயிரம் பேர் அளவில்தான்.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1617 வாக்கில் படம் வருகிறது. ஓரத்தில் பண்டா மக்கள் நிற்கிறார்கள். 1621இல் அந்த மக்கள் அழிக்கப்படுகிறார்கள். 1630இல் படம் தொகுப்பில் சேர்கிறது. அவர்கள் இன்னும் ஓரத்தில் நிற்கிறார்கள். 1633இல் படம் வரைந்தவர் அவர்களை அழித்த கம்பெனியின் வரைபடக்காரர் ஆகிறார். அதன் பின்னும் செப்புத் தகடு தேயும்வரை அவர்கள் நிற்கிறார்கள். செல்வர் வீட்டுச் சுவரில், செத்துப்போனவர்கள் நல்ல உடை உடுத்தி நின்றார்கள். 'புதிதாக வரையப்பட்ட' என்ற தலைப்பைப் படத்தில் யாரும் திருத்தவில்லை.

அலங்காரம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஒரு மக்களை உடையாக, நடனமாக, பறையோசையாக, விழா ஊர்வலத்தில் ஒரு வண்டியாகக் காட்டிக்கொண்டே அவர்கள் நிலத்தைப் பறிக்க முடியும். நம் கலைகளைக் குடியரசு நாளில் அணிவகுக்க வைப்பதற்கும், நம் வீடுகளைக் கொளுத்தியவர் விடுதலை ஆவதற்கும் இடையே இந்நாட்டில் முரண்பாடு எதுவும் உணரப்படுவதில்லை. ஓரச் சட்டத்தில் இடம் கொடுப்பது உரிமை கொடுப்பது ஆகாது.

5. பழவேற்காட்டிலிருந்து ஏறியவர்கள்

பண்டா காலியாயிற்று. ஆனால் ஜாதிக்காய் மரம் தானாகக் காய் பறித்துக் கொடுக்காது. கம்பெனி தீவுகளை அறுபத்தெட்டுத் தோட்டங்களாகக் கூறுபோட்டுத் தன் முன்னாள் ஊழியர்களுக்கு ஒப்படைத்தது. வேலைக்கு அடிமைகள் வேண்டும். ஆசியாவின் பல கரைகளிலிருந்தும் மனிதர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவற்றில் நம் கரையும் ஒன்று. 1638இல் பண்டாவின் மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் அடிமைகள்.

இங்கேதான் இந்தக் கதை நம் வாசலுக்கு வருகிறது. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1610இல் வணிகச்சாலை திறந்து, 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிக்கொண்டார்கள். இன்றும் அங்கே டச்சுக் கல்லறைகள் இருக்கின்றன. வாசலில் எலும்புக்கூடுகள் செதுக்கிய கல்லறைத் தோட்டத்தைச் சுற்றுலாப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பழவேற்காடு துணி ஏற்றுமதிக்குப் பேர்போன துறை என்று படித்திருக்கிறோம். அங்கிருந்து மனிதர்களும் ஏற்றுமதி ஆனார்கள். 1620களில் தொடங்கி, சோழமண்டலக் கரையில் பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம் கம்பெனியின் அடிமைக் கப்பல்கள் நிரம்பின. 1646 பஞ்சத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் படேவியாவுக்குப் போனார்கள். 1659 முதல் 1661 வரை, பீஜப்பூர்ப் படையெடுப்பால் தஞ்சை நாடு நாசமாகிப் பஞ்சம் தலைவிரித்தபோது, எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர் வரை நாகப்பட்டினம் உள்ளிட்ட துறைகளிலிருந்து அனுப்பப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் பலர் இலங்கையின் தென்மேற்கில் டச்சுக்காரரின் நெல்வயல்களில் இறக்கப்பட்டார்கள். காவிரி நாட்டில் யார் வயலிலோ சேறு மிதித்த கால்கள் கடல் கடந்து வேறு யார் வயலிலோ சேறு மிதித்தன.

பஞ்சத்தில் விற்கப்பட்டவர்கள் எல்லாச் சாதியிலும் இருந்திருக்கலாம். ஆனால் குதிரில் நெல் வைத்திருந்தவரும், நிலம் வைத்திருந்தவரும், கடன் கேட்க உறவு வைத்திருந்தவரும் கடைசியில்தான் துறைமுகத்துக்கு வருவார்கள். முதலில் வருபவர் மற்றவர் நிலத்தில் பாடுபட்டு அன்றாடக் கூலி நெல்லில் வாழ்ந்தவர். பண்ணையாளை நிலத்தோடு சேர்த்து அடகு வைக்கவும் விற்கவும் வழக்கம் இருந்த நாட்டில், கப்பல்காரனுக்கு விற்பது பெரிய தாவல் இல்லை. ஐரோப்பிய அடிமை வணிகத்துக்கும் உள்ளூர்ப் பண்ணையடிமைக்கும் இடையே துறைமுகத் தரகன் மட்டுமே நின்றான். பண்ணையடிமைக்குச் சட்ட ஏற்பு இல்லை என்று ஆங்கிலேய அரசு சொன்னதே 1843இல்தான். ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி' என்று தன் நூலுக்குப் பெயரிட்டு, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்காக நின்ற அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். சாதியும் அடிமைமுறையும் கைகோத்து நிற்பதை அவர் கண்டுகொண்டார்.

கப்பல் ஏறிய அவர்களுக்குப் படத்தின் ஓரத்தில்கூட இடமில்லை. அவர்களுக்கென்று ஓர் உடை கிடையாது, கட்டம் கிடையாது. பண்டா மக்கள் செத்தபின்னும் படத்தில் நின்றார்கள். அவர்கள் இடத்தில் உழைக்கக் கொண்டுபோகப்பட்டவர்கள் உயிரோடிருந்தும் எந்தப் படத்திலும் நிற்கவில்லை. நடுக்கடலில் அழகாக வரையப்பட்டிருக்கும் அந்தக் கப்பல்களின் அடித்தளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். படத்தில் அவர்கள் இருக்கும் இடம் அது ஒன்றுதான்.

6. நாம் வரைய வேண்டியது

நிலப்படம் பொய் என்று சொல்லிவிட்டு எழுந்து போவதற்காக இதைப் பேசவில்லை. நிலப்படம் நமக்கு வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் பறையர் மக்களின் நிலையைப் பற்றி 1891இல் எழுதிய அறிக்கையின் விளைவாக, 1892 செப்டம்பர் 30ஆம் நாள் 1010ஆம் எண் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்லும் உரிமையின் வேர் அது. அந்த நிலம் கைமாறியதும், அதை மீட்கக் கேட்ட நம் தோழர்கள் ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டதும் நாம் மறக்கும் செய்திகள் அல்ல. காரணையில் கேட்கப்பட்டது புலப்படத்திலும் பதிவேட்டிலும் எழுதப்பட்ட நம் நிலம்தான். எழுதப்பட்டதே பறிபோகும் நாட்டில், எழுதப்படாததன் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

நமக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே பெயரிட்டு இதழ் நடத்தினார். பிறர் இழிவாகச் சொன்ன பெயரைத் தலைப்பில் ஏற்றினார். அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய இதழில் இந்நாட்டுக்கே வேறொரு பூர்வ வரலாற்றை எழுதினார். இவர்கள் செய்தது ஓரத்துக் கட்டத்தில் இன்னும் கொஞ்சம் இடம் கேட்பது அன்று. படத்தை நாமே வரையும் வேலையை அவர்கள் தொடங்கிவைத்தார்கள்.

அதே 1893இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் ஒரு முப்பது வயது இளைஞர் இரண்டு வெள்ளைக் காளைகள் பூட்டிய வில்வண்டி வாங்கினார். தலைப்பாகை கட்டி, அதில் ஏறி, பொதுச்சாலையில் ஓட்டினார். புலையர் மகன் அய்யன்காளி. வழிமறித்தவர்களைக் கண்டு அவர் வண்டியைத் திருப்பவில்லை. வர்த்தேமாவின் நூல் அச்சாகி முந்நூற்று எண்பத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தனை காலமும் சேற்றுவழியில் கூவிக்கொண்டே நடக்க வைக்கப்பட்ட மக்களில் ஒருவர், மாட்டுக் கழுத்து மணி ஒலிக்கச் சாலையின் நடுவில் போனார். மலபார்க் கரையின் அந்தப் பழைய அளவுகோல் அன்று முறிந்தது. எந்த நிலப்படக்காரரும் அதை வரையவில்லை. ஆனால் கேரளத்தின் ஒவ்வொரு சாலையும் இன்று அந்த வண்டித்தடத்தின் மேல்தான் கிடக்கிறது.

மாணவ நண்பர்களே, உங்களிடம் ஒரு வேலையைக் கேட்டு முடிக்கிறோம். உங்கள் ஊர்ப் புலப்படத்தின் நகலை மனுப் போட்டு வாங்குங்கள். பாட்டிமாரை அழைத்துக்கொண்டு நடங்கள். இடுகாட்டுப் பாதை, பழைய கிணறு, மாடு மேய்த்த புறம்போக்கு, நடவுக்குப் போன வரப்பு, குலசாமிக் கல் ஆகிய எதெல்லாம் படத்தில் இல்லையோ அதையெல்லாம் அடி அளந்து, புல எண் குறித்து, யார் சொன்னார் என்று பெயரோடும் தேதியோடும் எழுதுங்கள். அழகாக இருக்கவேண்டியதில்லை. சரியாக இருந்தால் போதும். அதில் மனிதர்களை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். அவர்கள் நடந்த இடத்திலேயே எழுதுங்கள்.

தோழர் போட்ட சிவப்புக் கோடு இன்னும் மனுவாகத்தான் இருக்கிறது. கடைசியாக அவரையும் அந்த வரப்பு வழியாகத்தான் சுமந்து சென்றோம். மழைக்காலம். முழங்கால் அளவு சேறு. சுமந்தவர்கள் முறை மாற்றிக்கொள்ளவும் இடமில்லாத ஒற்றையடி. அடுத்த நினைவுநாளுக்குள் அந்தக் கோடு அரசுப் படத்தில் கறுப்பு மையில் ஏற வேண்டும். அதற்கு இந்த அவையில் இருப்பவர்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது.

ஜெய்பீம்.